சொல் விளக்கம்: நாட்

புயல் செய்தியில் காற்றின் வேகத்தை 'நாட்' என்ற அலகில் சொல்வார்கள். மீனவர் எல்லைச் செய்தியில் தூரத்துக்கு 'நாட்டிகல் மைல்', அதாவது கடல் மைல், என்று வரும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தொடங்குவதால், முன்னது பின்னதன் சுருக்கம் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறப்பில் இரண்டுக்கும் உறவே இல்லை. நாட்டிகலின் வேர், கப்பலைக் குறிக்கும் 'நவுஸ்' என்ற கிரேக்கச் சொல். (நம் நாவாயையும் இதனோடு சேர்ப்பவர்கள் உண்டு, அது தனி வழக்கு.) நாட் என்பதோ ஆங்கிலத்தில் வெறும் முடிச்சு. கயிற்றில் போடுகிறோமே, அதேதான்.

பாய்மரக் கப்பலின் பின்பக்கத்திலிருந்து ஒரு மரக்கட்டையை, சம இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றோடு கடலில் போடுவார்கள். கட்டை போட்ட இடத்திலேயே மிதக்கும், கப்பல் நகரும், கயிறு உருளையிலிருந்து ஓடும். மணற்கடிகை காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கை வழியே போயிற்றோ அதுவே வேகம். அந்தக் கட்டைக்குப் பெயர் 'லாக்'. அளவைக் குறித்துவைத்த ஏடு 'லாக் புக்' ஆனது. இன்று கணினியில் 'லாகின்' செய்யும்போதும் அந்தக் கட்டைதான் மிதக்கிறது.

முடிச்சுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது? பள்ளிக்கூட விகிதக் கணக்குதான். கடிகை 28 விநாடி, ஒரு மணிக்கு 3,600 விநாடி, கடல் மைல் 1,852 மீட்டர். 1,852 × 28 ÷ 3,600 என்றால் ஏறக்குறைய 14.4 மீட்டர். மாலுமிகள் 47 அடி 3 அங்குலம் என்று வைத்தது இதைத்தான். தொடக்கத்தில் மைலை 5,000 அடி என்று கொண்டு, அரை நிமிடக் கடிகைக்கு 42 அடியில் முடிச்சுப் போட்டார்கள். 1630களில் ரிச்சர்டு நார்வுட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் லண்டனிலிருந்து யார்க் வரை நிலத்தை அளந்து, கடல் மைல் 6,100 அடிக்கும் மேல் என்று காட்டினார். அதாவது, பழைய கயிறு வேகத்தைக் கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது.

நிலத்தை அளந்தால் கடல் மைல் எப்படிக் கிடைக்கும்? ஜாதகத்தில் வரும் பாகை, கலை நினைவிருக்கிறதா? பூமியைச் சுற்றி 360 பாகை, பாகைக்கு 60 கலை; மொத்தம் 21,600. சுற்றளவான சுமார் 40,000 கிலோமீட்டரை அதனால் வகுத்தால் சுமார் 1.852 கிலோமீட்டர். ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். நேர் வடக்கே இரண்டரைப் பாகை போனால் 150 கடல் மைல், கணக்கே வேண்டாம். 1,852 மீட்டர் என்று பன்னாட்டு அளவில் முடிவானது 1929இல், மொனாக்கோவில்.

'மணிக்கு 34 நாட்' என்று எழுதுவது பிழை. ஒரு நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல்; 'மணிக்கு' அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. காற்று 34 நாட் வேகத்தைத் தொட்டால் புயல் என்றால் போதும்.

தமிழில் என்ன சொல்லலாம்? நாட்டிகல் மைலுக்குக் 'கடல் மைல்' நன்றாக வேரூன்றிவிட்டது. 'நாட்' என்பதை 'முடிச்சு' என்று பெயர்த்தால் '15 முடிச்சு வேகம்' ஏதோ கல்யாணச் செய்தி போலிருக்கிறது. எனக்குப் பிடித்தது 'கணு': கரும்பில் சம இடைவெளியில் விழுவதுபோலத்தானே கயிற்றிலும் விழுந்தது? ஆனால் இயற்பியல் பாடம் அந்தச் சொல்லை நிலையலையில் அசையாது நிற்கும் புள்ளிக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. ஆகவே பொது வாசகருக்கு 'மணிக்கு 15 கடல் மைல்' என்று விரித்து எழுதுகிறேன். கப்பல்காரர்களிடம் பேசும்போது நாட் என்றே சொல்லிவிடுகிறேன்.