சிவப்புக் கொடியும் விநாடியில் அறுபதில் ஒரு பங்கும்

1998 டிசம்பர் 6. நியூயார்க் ஜெட்ஸ், சியாட்டில் சீஹாக்ஸ் அணிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் கடைசி நிமிடத்தில் இருக்கிறது. ஜெட்ஸ் வீரர் வின்னி டெஸ்டவெர்டி பந்தோடு கோல் கோட்டை நோக்கிப் பாய்ந்து விழுந்தார். அவருடைய தலைக்கவசம் கோட்டைத் தாண்டியது, பந்து தாண்டவில்லை. நடுவர் கண்ணில் தலைக்கவசம்தான் பட்டிருக்க வேண்டும்; பந்து கோட்டை எட்டினால் கிடைக்கும் டச் டவுன் புள்ளிகளைக் கொடுத்துவிட்டார். ஜெட்ஸ் 32-31 என்று வென்றது. தவறு எது என்பதை வீட்டில் டிவி பார்த்தவர்கள் எல்லோரும் கண்டார்கள். திருத்தத்தான் வழியில்லை. 1986இல் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) கொண்டுவந்த, படத்தைப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் ரீப்ளே முறை, 1991 பருவத்தோடு அணி உரிமையாளர்களின் போதிய வாக்கு கிடைக்காமல் கைவிடப்பட்டிருந்தது. 1999இல் அது திரும்பி வந்தபோது பயிற்சியாளரின் கையில் ஒரு சிவப்புக் கொடியும் வந்தது. நடுவர் தீர்ப்பை எதிர்த்து அதை வீசுவதுதான் சேலஞ்ச்.

கொடியை வீசுவது ஒரு பந்தயம். ஆட்டத்தைச் சற்று நிறுத்தக் கேட்கும் டைம்-அவுட் ஓர் அணிக்கு ஒரு பாதியில் மூன்றுதான். சேலஞ்சில் தோற்றால் அதில் ஒன்று போகும். கையில் டைம்-அவுட் இல்லையென்றால் சேலஞ்சே செய்ய முடியாது. ஆட்டத்துக்கு இரண்டு சேலஞ்ச். ஜெயித்தாலும் கணக்கில் ஒன்று குறையும், கிரிக்கெட் ரிவ்யூ போலத் திரும்பக் கிடைக்காது. முன்பு இரண்டிலும் ஜெயித்தால்தான் மூன்றாவது கிடைத்தது. 2024 முதல் ஒன்றில் ஜெயித்தாலே போதும். புள்ளி எடுத்த நகர்வுகளையும் பந்து எதிரணிக்குக் கைமாறிய நகர்வுகளையும் ரீப்ளே அதிகாரியே தானாகப் பார்த்துவிடுவார். ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடமும் கூடுதல் நேரமும் அவர் பொறுப்புதான்; இங்கெல்லாம் பயிற்சியாளர் கொடி வீசக் கூடாது.

இந்த எல்லையை மறந்தவர் பட்ட பாடு 2012 நவம்பரில் தெரிந்தது. எதிரணி தடுத்து வீழ்த்தும்போது பந்து வைத்திருப்பவரின் முழங்கால் தரையில் பட்டால் அந்த ஓட்டம் முடிந்தது; ஹூஸ்டன் வீரர் ஜஸ்டின் ஃபோர்செட்டின் முழங்கால் பட்டும் விசில் ஊதப்படவில்லை. அவர் எழுந்து 81 கெஜம் ஓடி டச் டவுன் எடுத்துவிட்டார். சும்மா இருந்திருந்தால் தானாகவே மறுபார்வை நடந்திருக்கும். ஆனால் எதிரணியான டெட்ராய்ட்டின் பயிற்சியாளர் ஜிம் ஷ்வார்ட்ஸ் கோபத்தில் கொடியை வீசினார். வீசக் கூடாத இடத்தில் வீசினால் அபராதம் மட்டுமல்ல, மறுபார்வையும் ரத்து என்பது அன்றைய விதி. டச் டவுன் செல்லுபடியானது, டெட்ராய்ட் தோற்றது. அடுத்த ஆண்டே அந்த விதியை மாற்றினார்கள். தண்டனை என்ற பெயரில் உண்மையையே மூடிவைத்த விதி அது, போனதில் யாருக்கும் வருத்தமில்லை.

கொடி விழுந்ததும் தலைமை நடுவர் ஓரத்துக்கு வந்து டேப்லெட்டில் படங்களைப் பார்க்கிறார். 2017 முதல் இறுதி முடிவு நியூயார்க்கில் உள்ள லீக் மையத்துடையது. அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: மைதானத்தில் சொன்னது தவறு என்று படத்தில் ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறதா? தெரியாவிட்டால் முதல் தீர்ப்பு நிற்கும். அதனால் ஒரே படம் இரண்டு ஆட்டங்களில் நேரெதிரான முடிவுகளைத் தாங்கலாம். கிரிக்கெட்டில் 'அம்பயர்ஸ் கால்' பார்த்துப் பல்லைக் கடித்தவர்களுக்கு இது பழகிய வலி.

இத்தனை கேமரா இருந்தும் ஏன் தெரியாமல் போகிறது? கணக்குப் போட்டால் புரியும். விநாடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும் கேமராவை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் 15 செ.மீ. நகர்ந்திருப்பார். பந்தின் நீளமே சுமார் 28 செ.மீ.தான். முழங்கால் தரையைத் தொட்ட கணத்தில் பந்து எங்கே இருந்தது என்பதுதான் வழக்கு என்றால், அந்தக் கணம் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் ஒளிந்திருக்கலாம். முழங்கால் ஒரு கேமராவிலும் பந்து இன்னொன்றிலும் தெரிந்தால் இரண்டையும் ஒரே கணத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு ஃபிரேம் பிசகினால் அதே 15 செ.மீ. பிழை வரும். விநாடிக்குச் சில நூறு ஃபிரேம் எடுக்கும் கேமராக்களும் உண்டு. அவை சரியான கோணத்தில் இருக்க வேண்டுமே!

கோணம் இன்னும் பெரிய வில்லன். கோல் கோட்டுக்கு நேராக இல்லாமல் 5 மீட்டர் தள்ளி, மைதானத்தின் நடுப்பக்கமாக, 15 மீட்டர் உயரத்தில் ஒரு கேமரா. அங்கிருந்து 50 மீட்டர் அப்பால், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சரியாகக் கோட்டுக்கு மேலே பந்து. படத்தில் அந்தப் பந்து கோட்டைத் தாண்டிச் சுமார் 36 செ.மீ. உள்ளே போய்விட்டதுபோலத் தெரியும். கேமரா மறுபக்கம் இருந்தால் அதே பந்து கோட்டுக்கு 36 செ.மீ. முன்னாலேயே நிற்பதுபோலத் தெரியும். பந்தின் நீளத்தைவிடப் பெரிய பிழை! கோட்டின் முனையில் நிற்கும் ஆரஞ்சு நிறக் கம்பங்களுக்குள்ளேயே கேமரா வைத்தது இதற்காகத்தான். ஆனால் ஆட்கள் குவிந்து விழும்போது அதற்கும் முதுகுகள்தான் தெரியும்.

படம் தெளிவாக இருந்தும் சண்டை தீராத இடம் கேட்ச். 2015 ஜனவரியில் கிரீன் பேயில் டல்லாஸ் வீரர் டெஸ் பிரயண்ட் பிடித்த பந்து முதலில் கேட்ச் என்றே அறிவிக்கப்பட்டது. எதிரணிப் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி கொடி வீசினார். விழும்போது பந்து தரையில் பட்டு நழுவியது என்று தீர்ப்பு மாறியது. டல்லாஸ் 26-21 என்று தோற்றது. எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். எது 'பிடித்தல்' என்பதில்தான் ஒற்றுமை இல்லை. 2018இல் கேட்ச் விதியையே திருத்தி எழுத வேண்டியிருந்தது.

ரீப்ளேயால் மீட்க முடியாத ஒன்று விசில். ஊதிவிட்டால் வீரர்கள் நின்றுவிடுவார்கள். ஊதாமல் இருந்திருந்தால் பந்தை யார் எவ்வளவு தூரம் கொண்டுபோயிருப்பார் என்பதை எந்தப் படமும் சொல்லாது. அதனால் பந்து நழுவியதா என்ற சந்தேகம் வந்தால் நடுவர்கள் ஊதாமல் ஓடவிடுகிறார்கள்.

2025 பருவத்தில் பந்தைத் தொடர்ந்து வைத்திருக்கத் தேவையான பத்து கெஜத்தை அணி எட்டியதா என்று அளக்கும் பழைய சங்கிலியின் வேலை, கிரிக்கெட்டில் பந்தின் பாதையைக் காட்டும் அதே ஹாக்-ஐயின் ஆறு 8கே கேமராக்களுக்குப் போனது. நடுவர் ஓடி வந்து தரையில் பந்தை வைத்த பிறகுதான் அவை அளக்கத் தொடங்கும். எங்கே வைப்பது என்பது இன்னும் அவர் கண்ணளவுதான்.