எப்படி இறந்தார் என்று எழுதும் அந்த ஒரு வரி: படைவீரர் குடும்ப ஓய்வூதியத்தில் ஏமாறும் இடங்கள்

ஜூலை 26 வந்தால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கார்கில் நினைவிடத்துக்கு மலர்வளையம் வரும். டிசம்பர் 7 கொடிநாளில் உயிர்நீத்த வீரர்களின் மனைவியரை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்துவார்கள். அதே பெண் மறுநாள் பென்ஷன் விஷயமாக ஒரு கையெழுத்துக்குப் போய் நின்றால், "சார் கேம்ப் போயிருக்காரு, அடுத்த வாரம் வாங்கம்மா" என்பார்கள். இங்கே எழுதுவது அந்த மறுநாளைப் பற்றி. பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா குடும்பங்களுக்குத் தூதரகம் வழியாக வேறு பாதை இருக்கிறது. நான் சொல்வது இந்தியப் படையில் பணியாற்றும்போது இறந்தவர்களின் வீடுகளுக்கு.

ஓய்வூதியம் மூன்று வகை. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். முதல் 10 ஆண்டுகளுக்கு மட்டும் 50. பணியின் காரணமாக வந்த நோய், பணியில் நடந்த விபத்து என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். போர், எல்லை மோதல், தீவிரவாதிகளுடனான சண்டை என்றால் எல்லா ஆபீஸிலும் 'லிபரலைஸ்டு' என்று சொல்கிற வகை. அதில் முழுச் சம்பளமும் ஓய்வூதியமாக வரும். கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணம் 15,000 (முதல் 10 ஆண்டுகளுக்கு 25,000), சிறப்பு 30,000, லிபரலைஸ்டு 50,000. அகவிலைப்படி அதற்கு மேல் தனி. மத்திய அரசின் கருணைத் தொகையும் 2016 முதல் இறப்பின் வகையைப் பார்த்து 25, 35, 45 லட்சம் என்று மாறுகிறது.

ஆக, எப்படி இறந்தார் என்று யாரோ ஒருவர் முதல் சில வாரங்களில் எழுதும் வரிதான் அந்த வீட்டின் அடுத்த நாற்பது வருடச் சாப்பாட்டைத் தீர்மானிக்கிறது. குண்டு பட்டு இறந்தவருக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது, 'பேட்டில் கேஷுவல்டி', அதாவது போர் இழப்பு, என்று பதிந்துவிடுவார்கள். பனிமலையில் ரோந்து போகும்போது மூச்சு முட்டி இறந்தவர், காவல் பணியில் நெஞ்சடைத்து விழுந்தவர், ராணுவ வண்டி பள்ளத்தில் உருண்டு போனவர், இவர்கள் வீட்டுக் காகிதத்தில்தான் 'பிசிகல் கேஷுவல்டி', அதாவது போரால் வராத இழப்பு, என்று இருக்கும். குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். தேசியக் கொடி போர்த்தி வந்தது, வானத்தை நோக்கிச் சுட்டார்கள், கலெக்டர் வந்தார். வேறு என்ன வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். கொடி போர்த்தியதற்கும் பென்ஷன் வகைக்கும் சம்பந்தமே இல்லை.

இதில் ஒரு வழக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த மேஜையிலும் உதவும். கட்டுப்பாட்டுக் கோட்டுப் பகுதியில் கடுங்குளிரில் ரோந்து போன ஒரு வீரர் 2013 ஜனவரியில் மூச்சுத்திணறி, மாரடைப்பு வந்து இறந்தார். மனைவிக்குச் சிறப்பு ஓய்வூதியம் கொடுத்தார்கள், லிபரலைஸ்டு கிடையாது என்றார்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவருக்கு லிபரலைஸ்டு கொடுக்கச் சொன்னது. அதோடு விட்டிருக்கலாம். அரசாங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து, இந்தப் பெண்ணைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கவே கூடாது என்று சொல்லி, அவருக்கு 50,000 ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது. அவர் ஜெயித்து முடிக்கப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. மலைக்குளிரில் நடந்த மரணம் என்றால், "ஹார்ட் அட்டாக்குக்கு லிபரலைஸ்டு வராதும்மா" என்று வாய்வழியாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

எதைக் கேட்பது? உடலோடு ஒரு சுபேதாரோ ஹவில்தாரோ வருவார். வீடு நிறைய ஆள் இருக்கும், யாருக்கும் நிதானம் இருக்காது. யாராவது ஒருவர், பக்கத்து வீட்டு வாத்தியாராக இருந்தாலும் சரி, அவரிடம் மூன்று விஷயத்தை எழுதி வாங்க வேண்டும்: வீரரின் படை எண், யூனிட்டின் தபால் முகவரி, ஆவணக் காப்பகமான ரெக்கார்ட் ஆபீஸ் எது என்பது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. படை எண் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. கேன்டீன் கார்டைத் தேடினால் கிடைக்கும். பிறகு மரணத்தைப் பற்றி ராணுவமே நடத்தும் விசாரணையின் ('கோர்ட் ஆஃப் என்கொயரி') முடிவு என்ன, எந்த வகையில் பதிந்தீர்கள் என்று யூனிட்டுக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கும் கடிதம் போடுங்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் அறியும் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த மனு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து "உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு தாள் உங்கள் வீட்டுக்கு வரும். கலெக்டரால் ராணுவப் பதிவில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பஸ் காசும் ஒரு நாள் கூலியும்தான் நஷ்டம்.

அடுத்த பொறி, பெயர். கல்யாணம், பிள்ளை பிறப்பு எல்லாம் 'பார்ட் டூ ஆர்டர்' என்று ராணுவத்தில் பதிவாகும். அந்தப் பதிவில் உள்ள பெயர்தான் பென்ஷனுக்குப் பெயர். பாகூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் மஞ்சப்பையில் காகிதங்களோடு வந்தார். பார்ட் டூவில் 'செல்வி'. ஆதாரில் 'தமிழ்ச்செல்வி', அப்பா இனிஷியலோடு. வங்கிக் கணக்கில் கணவர் இனிஷியல். பான் கார்டில் இனிஷியல் விரிந்து, அப்பா பெயரே முதல் பெயராக உட்கார்ந்திருந்தது. நம் ஊரில் இது நான்கும் ஒரே ஆள் என்று தெருவில் போகிற குழந்தைக்கும் தெரியும். பென்ஷன் நடக்கும் ஸ்பர்ஷ் இணையதளத்துக்கு இவர்கள் நான்கு பேர். எல்லாவற்றையும் திருத்த அலையாதீர்கள். பார்ட் டூவில் உள்ள பெயரைப் பார்த்து, ஆதாரையும் வங்கியையும் அதற்கு ஒத்துப்போக வையுங்கள். அதுதான் குறைந்த அலைச்சல். ராணுவப் பதிவை மாற்ற முயன்றால் வருடம் ஓடிவிடும். உயிரோடு பணியில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அடுத்த லீவு வரைக்கும் காத்திருக்காமல் யூனிட் கிளார்க்கிடம் போய் மனைவி பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

அப்படியே நாமினியையும் பாருங்கள். பென்ஷன் விதிப்படி மனைவிக்குத்தான் போகும், மாமியார் பெயர் எங்கே இருந்தாலும் அது மாறாது. குரூப் இன்சூரன்ஸ், வருங்கால வைப்பு நிதி இரண்டும் பெரும்பாலும் யாரை நாமினியாக எழுதினாரோ அவர் கைக்குப் போகும். சேர்ந்த புதிதில் அம்மா பெயரை எழுதிவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற மறந்தவர்கள் ஏராளம். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அந்த வீடு இரண்டாகிவிடும். சண்டையை வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு மனு எழுதி ஆபீஸில் கொடுத்தால், கோப்பைக் கிடப்பில் போட அவர்களுக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

கல்யாணம் ஆகாத பையன் என்றால் பெற்றோருக்கு லிபரலைஸ்டில் 75 சதவீதம், ஒருவர்தான் இருக்கிறார் என்றால் 60. இதற்குப் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்கக் கூடாது. வருமானச் சான்று கொண்டு வா என்று தாசில்தார் ஆபீஸுக்கு அனுப்பினால், எந்த விதிப்படி என்று மரியாதையாகக் கேளுங்கள். நான்கு வருடத்துக்கு மட்டும் சேர்க்கப்படும் அக்னிவீரர்களின் குடும்பங்களுக்கு மாதாந்திர ஓய்வூதியமே இல்லை. 48 லட்சம் காப்பீடும், பணியால் நேர்ந்த மரணம் என்றால் 44 லட்சம் கருணைத் தொகையும், மீதிக் காலச் சம்பளமும். யார் எந்த விளம்பரத்தில் என்ன சொன்னாலும் மாதப் பென்ஷன் வராது.

மறுமணம் செய்தால் எல்லாம் நின்றுவிடும் என்று பயமுறுத்தி இளம் பெண்களை உட்கார வைத்திருக்கிறார்கள். லிபரலைஸ்டு வாங்குபவர் மறுமணம் செய்துகொண்டு முதல் கணவரின் பிள்ளைகளைத் தொடர்ந்து வளர்த்தால் முழு ஓய்வூதியமும் தொடரும். "விருப்பப்பட்டு விட்டுக்கொடுக்கிறேன்" என்ற தாளில் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி நம் ஊருக்கே உரிய வேடிக்கை. கன்னியக்கோவில் புதுச்சேரி, அதை ஒட்டியிருக்கும் ரெட்டிச்சாவடி தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம். பெண் அங்கே, மாப்பிள்ளை இங்கே. கணவர் இறந்ததும் அம்மா வீட்டுக்குப் போன பெண்ணைக் கடலூரில் "நீங்க பாண்டிச்சேரி கேஸு" என்பார்கள், புதுச்சேரியில் "அவரு தமிழ்நாடு அட்ரஸ்ல சேர்ந்தவரு" என்பார்கள். மத்திய ஓய்வூதியத்துக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது, எந்த ஊரில் இருந்தாலும் வரும். மாநில அரசின் நிதிக்கு மட்டும் ராணுவப் பதிவில் உள்ள சொந்த ஊர் முகவரியை வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். முதலில் அந்த மாநில நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, அடையாள அட்டை வாங்கி, அங்கே வர வேண்டியதை வாங்கிய பிறகு ரேஷன் கார்டையும் ஆதார் முகவரியையும் மாற்றுங்கள். அவசரப்பட்டு முகவரியை மாற்றியவர்கள்தான் இரண்டு பக்கமும் பந்தாக உதைபடுகிறார்கள்.

சின்ன விஷயங்கள் சில. அவருடைய செல்போன் சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். சம்பளக் கணக்கு இருந்த வங்கியில் விபத்துக் காப்பீடு இருந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, வங்கி தானாகக் கூப்பிட்டுச் சொல்லாது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நிற்கும். அலுவலக வாசலில் "பாதிக்குப் பாதி" பேசும் ஆட்களிடம் அசல் காகிதம் எதையும் கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் கல்விக் கட்டணச் சலுகைக்கு இருந்த மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பை 2018-இல் எடுத்துவிட்டார்கள். பழைய சுற்றறிக்கையைக் காட்டுபவரிடம் அதைச் சொல்லுங்கள்.

மறுத்து ஆணை வந்தால் முதல் மேல்முறையீடு, இரண்டாவது மேல்முறையீடு, அதன் பிறகு சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். கடைசி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பழைய வழக்கையும் ஓய்வூதியம் என்பதால் எடுப்பார்கள், ஆனால் நிலுவை பெரும்பாலும் மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். வக்கீலுக்குப் பணமில்லை என்று உட்கார வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. கடலூரிலும் புதுச்சேரியிலும் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. படைவீரர் குடும்பங்களுக்கென்றே 2025 ஜூலையில் தனித் திட்டமும் தொடங்கினார்கள். போகும்போது மறுப்பு ஆணையின் நகல், பார்ட் டூ நகல், இறப்புச் சான்று, இதுவரை போட்ட கடிதங்களின் ஸ்பீட் போஸ்ட் ரசீதுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாகக் கோத்து எடுத்துப் போங்கள்.