சங்கீதம் என்றால் கச்சேரி இல்லை

"சங்கீதம் நூத்தி இருபத்தொண்ணு சொல்லிட்டுக் கெளம்புலே." நான் ரயிலேறப் புறப்படும்போதெல்லாம் பாட்டி வாசற்படியில் நின்று சொல்வது இதுதான். பாளையங்கோட்டையில் வளர்ந்தவனுக்கு இதில் விளங்க ஒன்றுமில்லை. ஒருமுறை கூட வந்திருந்த தஞ்சாவூர் நண்பன்தான், "உங்க வீட்ல யார் பாடுவாங்க?" என்று கேட்டான். யாரும் பாடுவதில்லை, ஒப்பிப்போம், அவ்வளவுதான்.

ஆனால் அவன் கேட்டதுதான் சரி. அவை வேதாகமத்தில் (பைபிளில்) உள்ள பாட்டுகள். எபிரேயத்தில் அந்த 150 பாட்டுகள் அடங்கிய நூலுக்குத் தெஹில்லீம் என்று பெயர், புகழ்ச்சிகள் என்று பொருள். தனிப் பாட்டுகள் பலவற்றின் தலைப்பில் மிஸ்மோர் என்று இருக்கும், வாத்தியத்தோடு பாடுவது. கிரேக்கத்தில் அதை ப்ஸால்மோஸ் என்றார்கள், நரம்பை மீட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல். அதுதான் ஆங்கிலத்தில் சாம் (எழுதும்போது முன்னால் ஒரு 'பி' சும்மா நிற்கும்).

சங்கீதம் வடசொல். சம் என்றால் சேர்ந்து, கீதம் என்றால் பாடப்பட்டது. மோசமான தேர்வு இல்லை. 136ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும். ஒருவர் முன்பாதியைச் சொல்ல, கூட்டம் பின்பாதியைப் பிடித்துக்கொள்ளத்தான் இப்படி அமைத்திருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், தமிழில் பொதுவாகச் சங்கீதம் என்றால் இசை என்றே பொருளாகிவிட்டது. போதாக்குறைக்கு 120 முதல் 134 வரை 'ஆரோகண சங்கீதம்' என்று தலைப்பு வேறு. பாட்டு வகுப்புக்குப் போன பிள்ளை ஸரிகமபதநி என்று நினைத்துக்கொள்ளும். இங்கே ஆரோகணம் என்பது ஏறிப்போவது, பண்டிகைக்கு எருசலேம் மலைக்கு ஏறிப்போனவர்கள் பாடியவை என்று பொதுவாகச் சொல்வார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கீர்த்தனை என்று சொல்ல முடியாது, அது பல்லவி, சரணம் என்று ராகத்தில் கட்டிய தனிப் பாட்டு. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் பாடியது அந்த வகை. பாமாலை என்றால் மேல்நாட்டு மெட்டில் பாடும் கிறிஸ்தவப் பாட்டு. எங்கள் கோயிலில் (சர்ச்சைத்தான் சொல்கிறேன்) மூன்றையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை, சங்கீதம் என்றால் கை தானாக வேதாகமத்துக்குப் போகும். நெல்லையப்பர் கோயில் ஓதுவார் பாடும் பதிகம் நெருங்கி வருகிறது, ஆனால் அது பத்துப் பாட்டை ஒட்டிய கணக்கு. ஆழ்வார்திருநகரியில் பாசுரம் என்றால் அது ஆழ்வார்களுடையது. மேலப்பாளையத்து முஸ்லிம்களைக் கேட்டால் தாவூது (தாவீது) நபிக்கு அருளப்பட்ட வேதம் ஸபூர் என்பார்கள்.

என் ஓட்டு திருப்பாடலுக்கு. மணப்பாட்டிலும் வடக்கன்குளத்திலும் கத்தோலிக்கர் (ஆர்.சி.) அப்படித்தான் சொல்கிறார்கள், வேதாகமத்தின் பொது மொழிபெயர்ப்பிலும் அதுதான். பாட்டு என்பது சொல்லிலேயே இருக்கிறது, கச்சேரி என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

போன தடவை கிளம்பும்போது, "திருப்பாடல் நூத்தி இருபத்தொண்ணு சொல்லட்டுமா பாட்டி?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது ஆர்.சி. காரங்க சொல்லுறதுல்லா," என்றாள்.