ஒருமுறைதான் கேட்பார்கள்: ஜெர்மன் வீட்டில் ஓ பேராகத் தங்கப் போகிறவர்களுக்கு

மாலை ஆறரை மணி. மேசையில் ரொட்டி, வெண்ணெய், சீஸ், வெள்ளரித் துண்டுகள், ஒரு கிண்ணத்தில் உருளைக்கிழங்கு சாலட். வீட்டம்மா கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம்?" என்கிறார். ஓ பேராக, அதாவது அந்தக் குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே மொழி கற்க வந்திருக்கும் நம் ஊர்ப் பெண் "போதும், வேண்டாம்" என்கிறாள். இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவார்கள், அப்போது போட்டுக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. கிண்ணம் அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. இரவு பத்து மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளுகிறது. அம்மாவுக்கு போன் போட்டு, "இங்கே சரியாகச் சாப்பாடே போடுவதில்லை" என்று அழுகிறாள்.

அந்த வீட்டில் யாரும் தவறு செய்யவில்லை. ஜெர்மனியில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். திரும்பத் திரும்பக் கேட்பது உங்கள் சொல்லை மதிக்காததுபோல் ஆகிவிடும். வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கும் ஓராண்டில் நம் பிள்ளைகள் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான்: எனக்கு என்ன வேண்டும் என்பதை நானே, அந்த நேரத்திலேயே, வாய்திறந்து சொல்வது. மொழி வளர்வதும் தன்னம்பிக்கை வளர்வதும் இதன் பின்னால்தான் வருகின்றன.

தலையாட்டலையும் கவனியுங்கள். நாம் "சரி" என்று பக்கவாட்டில் ஆட்டும் தலை அவர்களுக்கு "இல்லை" என்றோ "தெரியவில்லை" என்றோ படும். அதைவிட ஆபத்தானது, புரியாமலே "ஓகே ஓகே" சொல்வது. குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்பது அந்த ஓகேயில் தொலைந்துபோனால் விளைவு மருத்துவமனையில்தான் தெரியும். "இஷ் ஹாபெ தஸ் நிஷ்ட் ஃபெர்ஷ்டாண்டன்", அதாவது "எனக்கு அது புரியவில்லை". விமானம் ஏறுமுன் இந்த வாக்கியம் நாக்கில் பழகியிருக்க வேண்டும். புரிந்தாலும், சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்.

வேண்டியதைக் கேட்பதற்கு முதலில் உரிமை எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஓ பேர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே 'சம நிலையில்' என்றுதான் பொருள். நீங்கள் அந்த வீட்டு வேலைக்காரர் அல்ல, விருந்தாளியும் அல்ல. பெண்கள், ஆண்கள் இருவரும் போகலாம். விசாவுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும்போது 27 நிறைந்திருக்கக் கூடாது, ஜெர்மன் மொழியில் ஏ1 என்னும் தொடக்க நிலைத் தேர்ச்சி வேண்டும். தங்குவது குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 12 மாதம், வாழ்வில் ஒருமுறைதான். வேலை நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் இந்தக் கணக்கில் சேரும். வாரம் ஒன்றரை நாள் விடுப்பு, குறைந்தது நான்கு மாலைகள் உங்களுக்கு, மாதம் ஒரு ஞாயிறாவது முழுக்க ஓய்வு. மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம், மொழி வகுப்புக்கு 70 யூரோ, காப்பீடு முழுவதும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. சன்னலும் ஹீட்டரும் உள்ள, குறைந்தது 8 சதுர மீட்டர் தனி அறை தர வேண்டும். தாத்தா பாட்டிக்கு நோயாளிப் பராமரிப்பு செய்வது உங்கள் வேலையே அல்ல.

இந்த 280 யூரோவை நம்பி ஊரில் கடன் வாங்காதீர்கள். ஜெர்மனியில் உள்ள ஏஜென்சி ஓ பேரிடம் 150 யூரோவுக்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. இங்கே லட்சக்கணக்கில் கேட்பவரிடம் அந்தப் பணம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே உள்ள தமிழ்க் குடும்பத்தில் ஓ பேராகத் தங்கலாம் என்ற யோசனையும் நடக்காது. குடும்பத்தின் பூர்வீக நாட்டிலிருந்தே ஓ பேர் வருவதை விதி ஏற்பதில்லை.

முதல் நாளிலிருந்தே ஒரு சின்ன நோட்டில் தினமும் வேலை நேரத்தைக் குறித்து வையுங்கள். ஞாயிறு மாலை இருபது நிமிடம் பேச வேண்டும் என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். "இந்த வாரம் 34 மணி நேரம் ஆனது, அடுத்த வாரம் நான்கைக் குறைத்துக்கொள்ளலாமா?" இவ்வளவு போதும். இரண்டாம் வாரம் சொன்னால் இது சாதாரணப் பேச்சு. நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு ஒருநாள் வெடித்தால், "இத்தனை நாளும் சிரித்துக்கொண்டுதானே இருந்தாய்?" என்று அவர்கள் திகைத்துப்போவார்கள். வீட்டை விட்டு வெளியேறும் பல ஓ பேர்களின் கதை இந்த இடத்தில்தான் முறிகிறது. அவர்களும் உங்கள் குறையை முகத்துக்கு நேரே சொல்வார்கள். அது கோபம் அல்ல, மறுநாள் காலை அவர்கள் மனதில் அது இருக்காது.

வீட்டுப் பழக்கங்களில் குளியலறைதான் முதல் சண்டை. ஜெர்மன் குளியலறைத் தரையில் பெரும்பாலும் தண்ணீர் போக வழியே இராது. வாளியில் மொண்டு ஊற்றினால் கீழ்வீட்டுக் கூரை நனையும். ஷவர் தடுப்புக்குள் நின்று குளித்து, தரையைத் துடைத்துவிட்டு வெளியே வாருங்கள். வாசற்கதவு பின்னால் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் வகை, குப்பை போடப் போனாலும் சாவி கையில் இருக்கட்டும். குளிர்காலத்திலும் சன்னலை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விடாவிட்டால் சுவரில் பூஞ்சை படரும்.

குழந்தைகள் விஷயத்தில் சமரசமே கிடையாது. வன்முறையின்றி வளரும் உரிமை 2000ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுச் சட்டத்தில் குழந்தைக்கு உண்டு. செல்லமாக ஒரு தட்டு, காதைத் திருகுவது எதுவும் கூடாது. ஊட்டிவிடத் துரத்த வேண்டாம், போதும் என்று குழந்தை சொன்னால் போதும். அவர்கள் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூடப் போடாதீர்கள். பதிலுக்கு அந்தக் குழந்தைகளே உங்களுக்கு நல்ல ஆசிரியர்கள். படுக்கும்முன் படக்கதை ஒன்றை அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள், தவறைக் கூசாமல் திருத்துவார்கள்.

டிசம்பரில் பெர்லினில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்த நாட்களில் அறைக்குள் போனோடு முடங்குவது பெரிய வழுக்கு. குளிர்காலத்தில் ஊருக்கும் அங்கேக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். வீட்டுக்குப் பேச மதியத்தில் ஒரு நேரம் வைத்துக்கொண்டு, மாலையை வகுப்புக்கும் வெளிநடைக்கும் விடுங்கள். வாரம் ஒருநாள் தோசை சுட்டுப் பாருங்கள். மாவு அந்தக் குளிரில் புளிக்காது. ஓவன் அடுப்பைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, இரவு முழுக்க மாவை உள்ளே வையுங்கள். யாரும் தெரியாமல் ஓவனைச் சூடாக்கிவிடாதபடி அதன் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட படிவம் தேவை. விசா முடியுமுன் தங்கும் அனுமதி வாங்க வேண்டும், அதற்கான அலுவலகச் சந்திப்பு நேரத்தையும் முதல் வாரத்திலேயே பதிவுசெய்யும்படி குடும்பத்திடம் சொல்லுங்கள்.

பேசித் தீராத நிலை வந்தால் குடும்பத்தை மாற்றலாம். ஒப்பந்தங்களில் வழக்கமான முன்னறிவிப்பு இரண்டு வாரம். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் "பத்திரமாக வைக்க" என்று கொடுக்காதீர்கள். அத்துமீறல், மிரட்டல், உடல் ரீதியான தொல்லை என்றால் முன்னறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 112. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான 116 016 இலவசம், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், ஆங்கிலத்திலும் பேசலாம். மூன்று எண்களையும் போனில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு வையுங்கள்.