பண்பாட்டுப் பாதுகாப்பா, பண்பாட்டு ஊறின்மையா?

ஆஸ்திரேலியத் தொல்குடி மாற்றுத்திறனாளிகள் பற்றிய எழுத்துகளில் ‘கல்ச்சுரலி சேஃப் சப்போர்ட்டட் டிசிஷன் மேக்கிங்’ என்றொரு நீளமான தொடர் வரும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதல் பாதியைப் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் தமிழில் அதைப் படிப்பவருக்குப் பழைய சிற்பமும் கும்மியும் அழியாமல் காப்பதுதான் நினைவுக்கு வரும். இங்கே காக்கப்பட வேண்டியவர் ஆள். மருத்துவமனைக்கோ அலுவலகத்துக்கோ போகும்போது தன் வழக்கத்தையும் உறவுமுறையையும் செருப்பைப் போல வாசலில் கழற்றி வைக்கும் நிலை அவருக்கு வரக்கூடாது.

சொல் பிறந்த இடம் நியூசிலாந்து. சட்டப் பாதுகாப்பு, அறநெறிப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டின் வழியில் எங்களுக்குப் பாதுகாப்பு எங்கே என்று 1988இல் ஒரு கூட்டத்தில், அந்நாட்டின் தொல்குடியான மாவோரி இனத்துச் செவிலிய மாணவி ஒருவர் கேட்டார். அதைக் கோட்பாடாக வளர்த்தவர் மாவோரி செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன். ஊறு நேர்ந்ததா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியவர் பராமரிப்பு பெற்றவரே என்பது அவர் வைத்த அளவுகோல். எனவே ‘பண்பாட்டு ஊறின்மை’ என்பது என் பரிந்துரை. பாதுகாப்பைக் குறிக்கும் பழஞ்சொல்லான ‘ஏமம்’ இதைவிட அழகானது. ஆனால் அதற்கும் ஓர் உரை எழுத வேண்டியிருக்கும்.

‘சப்போர்ட்டட் டிசிஷன் மேக்கிங்’ என்ற இரண்டாம் பாதியின் வேர், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. காப்பாளர் ஒருவர் மாற்றுத்திறனாளிக்காக முடிவெடுக்கும் பழைய முறைக்கு மாறாக, அவரே முடிவெடுக்கத் துணைநிற்பது. ‘சப்போர்ட்’ என்பதற்கு ‘ஆதரவு’ வேண்டாம்; ‘ஆதரவற்றோர்’ விடுதி வாடை அதில் இன்னும் போகவில்லை. ‘துணைமுடிவு’ என்று சுருக்கினாலோ துணை ஆட்சியர் எடுத்த முடிவு போல ஒலிக்கும். ‘துணையுடன் முடிவெடுத்தல்’ என்று விரித்தே எழுதலாம்.

இரு பாதிகளும் ஏன் சேர வேண்டும்? ஓர் அறையை எண்ணிப் பாருங்கள். அதிகாரி அடுக்கடுக்காகக் கேட்கிறார். எதிரே இருக்கும் தொல்குடிப் பெண் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்கிறார். பலருக்கு அந்த ‘ஆம்’ சம்மதமாக இராது. கேள்விகள் முடிந்தால் போதும் என்பதற்கோ, பெரிய இடத்தில் மறுத்துப் பேசக் கூடாது என்பதற்கோ சொல்வது. மொழியியலாளர்கள் நீதிமன்றங்களிலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். மௌனமும் அப்படித்தான். அது மறுப்பாக இல்லாமல் யோசனையாக இருக்கலாம். அதிகாரியோ அதற்குள் படிவத்தில் குறி போட்டுவிடுகிறார். படிவத்தில் துணையாளர் பெயருக்கு ஒரே ஒரு வரி. அந்தப் பெண்ணுக்கோ கலந்து பேச அத்தைமாரும் மூத்தோரும் வேண்டும், ஒரு வாரமாவது வேண்டும்.

அதற்காக உறவினர் கூடிப் பேசி முடித்துவிட்டால் வேலை தீர்ந்தது என்று ஆகாது. அத்தை சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, அந்தப் பெண்ணைக் கேட்காமலே விட்டால், காப்பாளர் இருந்த நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.