இரண்டு ஆசு வந்தும் தோற்பது எப்படி?

கல்லடியில் ஒரு செத்தவீடு. இரவு பதினொரு மணிக்கு மேல் பந்தலுக்குள் வழக்கம்போல இரண்டு மேசையில் முந்நூற்றி நாலு எனும் சீட்டாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. என் மாமி மகன் மட்டும் ஓரமாகக் கதிரையைப் போட்டுக்கொண்டு ஃபோனில் போக்கர் விளையாடினான். காசு இல்லை, சும்மா சிப்ஸ் தரும் அப்தான். திடீரென்று, "இது கள்ள அப் மச்சான்" என்றான். கையில் இரண்டு ஏஸ், நம்மூர்ப் பேச்சில் ஆசு, வந்ததாம். ஆட்கள் பயந்து ஆட்டத்தை விட்டு ஓடிவிடக் கூடாதென்று, சிப்ஸைக் கூட்டிக் கட்டாமல் சத்தமில்லாமல் இருந்தானாம். ஐந்து பேர் கூடவே வந்தார்கள். கடைசியில் எட்டும் மூன்றும் வைத்திருந்த ஒருவன் இரண்டு சோடி காட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அப் கள்ளம் செய்யத் தேவையே இல்லை. கணக்கே அப்படித்தான் போகும்.

டெக்சாஸ் ஹோல்டெம் எனும் இந்த வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் முதலில் மூன்று சீட்டைத் திறப்பார்கள், அதுதான் ஃபிளொப். அப்புறம் ஒவ்வொன்றாக இன்னும் இரண்டு. மொத்தம் ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. 52 சீட்டிலிருந்து இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். ஆசுச் சோடி அதில் 6 விதம். ஆகவே 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் அது வரும்.

எதிரில் ஒரே ஒருவர், கையில் ஏதோ இரண்டு சீட்டு, கடைசிச் சீட்டு வரை இருவரும் விலகவில்லை என்றால், ஆசுச் சோடி 100க்கு ஏறக்குறைய 85 தடவை வெல்லும். எதிரில் இரண்டு பேர் என்றால் 73. மூன்று பேர் என்றால் 64. ஐந்து பேர் என்றால் 49தான். கல்லடிப் பாலத்தில் தூண்டில் போடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய தூண்டிலில் மீன் படுவது அரிதாக இருக்கலாம். ஐந்து பேர் போட்டுக்கொண்டு நின்றால் யாராவது ஒருவருக்குப் படும். அந்த எட்டும் மூன்றும் தனியே பார்த்தால் ஒன்றுமே இல்லை; ஐந்து பேரில் ஒருவராக நின்றபோதுதான் அது ஆபத்து.

அதனால்தான் ஏற்றிக் கட்டி, அதாவது கூடுதல் சிப்ஸ் போட்டு, ஆட்களைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று பலர் விளக்குவார்கள். முடிவு சரி, காரணம் பாதிதான் சரி. எல்லோரும் ஆளுக்கு 100 சிப்ஸ் போட்டார்கள் என்று வையுங்கள். ஒருவர் மட்டும் எதிரில் என்றால் நடுவில் 200. அதில் உங்கள் பங்கு சராசரியாக 170, போட்ட 100 போக லாபம் 70. ஐந்து பேர் எதிரில் என்றால் நடுவில் 600. அதில் 49 வீதம் 294, லாபம் 194. வெல்லும் தடவை குறைகிறது, சராசரி லாபமோ கூடுகிறது! அப்படியானால் மச்சான் செய்தது சரிதானே?

இல்லை. 100க்குப் பதில் 400 ஆக ஏற்றியிருந்தால் மூன்று பேர் ஓடி, இரண்டு பேர் நின்றிருப்பார்கள் என்று வைப்போம். நடுவில் 1,200, அதில் 73 வீதம் 876, லாபம் 476. நிற்கிறவர்களின் கை கொஞ்சம் நல்லதாகத்தான் இருக்கும் என்பதால் 73 சற்று இறங்கும், ஆனாலும் 194ஐ விட மிக மேலேதான் நிற்கும். ஆட்கள் ஓடியது இங்கே பெரிய விசயமே இல்லை. உங்கள் கை முன்னால் நிற்கும் நேரத்தில் மற்றவர்களின் சிப்ஸ் எவ்வளவு நடுவுக்கு வந்தது என்பதுதான் விசயம்.

பதுங்கி விளையாடுவதில் இன்னொரு நட்டமும் உண்டு. எதிரி கையில் ஐந்துச் சோடி என்று வையுங்கள். ஃபிளொப்பில் அவனுக்கு மூன்றாவது ஐந்து கிடைப்பது ஏறக்குறைய எட்டரைத் தடவைக்கு ஒரு தடவை. மலிவாகப் பார்க்க விட்டால் ஏழு தடவை பத்துப் பத்தாக இழந்துவிட்டு, எட்டாம் தடவை உங்களிடம் நூற்றுக்கணக்கில் பிடுங்கிக்கொள்வான். நுழைவு விலையை நீங்கள் ஏற்றினால் அவனுக்கு அந்தக் கணக்கு கட்டாது. உங்களிடம் மிச்சம் இருப்பதே கொஞ்சம் என்றாலும் கட்டாது.

ஆனால் "பெரிய சோடி" என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்றக் கூடாது. ராசாச் சோடி வைத்திருக்கும்போது ஃபிளொப்பில் ஆசு வந்து பயமுறுத்துவது 100க்கு 23 தடவைதான். ராணிச் சோடிக்கு மேலே ராசாவோ ஆசோ வருவது 41 தடவை. ஜேக் சோடிக்கு மேலே ஏதாவது வருவது 57 தடவை, பாதிக்கும் மேல். நம்மவர்களுக்கு இதுதான் மனதில் ஏறாது என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்து முந்நூற்றி நாலில் ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என்று எண்ணிப் பழகிய கை. ஜேக்கைக் கண்டால் தானாகவே மேசையில் ஓங்கி அடிக்கும். ஜேக் சோடியை ஃபிளொப்புக்கு முன்பு தாராளமாக ஏற்றலாம். மேலே ராணி விழுந்து, எதிரியும் பெரிதாகக் கட்டினால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக மனம் வர வேண்டும்.

எப்போதும் பெரிய சோடிக்கு மட்டும் ஏற்றினாலும் சிக்கல். இரண்டு நாளில் எல்லோரும் உங்களைப் படித்துவிடுவார்கள். போக்கரை எளிதாக்கிக் கணக்குப் போட்ட கணித மேதை ஜான் வான் நொய்மன், மிக நல்ல கையோடு மிக மோசமான கைகள் சிலவற்றையும் சேர்த்தே ஏற்ற வேண்டும் என்று காட்டினார். அமைதியாக வைத்திருக்க வேண்டியது நடுத்தரக் கையைத்தான்.

சரி, கள்ள அப் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். 52 சீட்டை அடுக்கக்கூடிய விதங்கள் 8க்குப் பின்னால் 67 பூச்சியம் போட்டால் வரும் எண்ணுக்குக் கிட்ட. 1999இல் ஒரு இணைய போக்கர் மென்பொருளை ஆராய்ந்தவர்கள், அது சீட்டைக் கலைக்கத் தொடங்கும் எண்ணாக, அதாவது விதையாக, வெறும் 32 பிட் எண்ணை எடுப்பதைக் கண்டார்கள். எவ்வளவு கலைத்தாலும் 430 கோடி அடுக்குக்கு மேல் வராது. அந்த விதையும் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி விநாடிகள். ஒரு நாளைக்கு 8 கோடி 64 இலட்சம்தான். ஐந்து சீட்டைப் பார்த்தே மீதி எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள். எனவே சந்தேகப்படுவது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் ஒரு தோல்வி ஆதாரமாகாது. ஒரே எதிரிக்கு முன்னால் ஐந்து தடவை ஆசுச் சோடி வந்தால், ஐந்தையும் வெல்லும் வாய்ப்பு 100க்கு 44தான்.

இதைச் சொல்லி முடிக்கும்போது பிளேன்டீ வந்தது. பக்கத்து மேசையில் ஒரு கை குறைகிறது என்று கூப்பிட்டார்கள். மச்சான் ஃபோனைப் பொக்கெற்றில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அங்கே அவனுடைய ஜேக்குக்கு மறுபடி முப்பது.