மாலைத் தேநீர், கைப்பேசி, தூங்காத குழந்தை

கோத்தகிரிப் பக்கம் சில நாட்களில் பொழுது சாயும் முன்பே மூடுபனி வாசலுக்கு வந்துவிடும். குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டால் சின்னக் குழந்தைக்கு விளையாட இடமில்லை. கையில் ஒரு வர்க்கி, அதைத் தொட்டுத் தின்ன அரை டம்ளர் தேநீர், சமையல் முடியும் வரை கைப்பேசி. தேயிலை பறித்துவிட்டு வரும் தாய்க்கு வேறு வழியும் குறைவு. இரவு பத்தரைக்கும் தூங்காமல் புரளும் அந்தக் குழந்தைக்கு அடம் என்று அடி விழும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதன் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

தூக்கம் இரண்டு வழிகளில் வருகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது கூடக் கூடக் கண் சொருகும். இன்னொரு பக்கம், மூளையில் உள்ள உயிர்க்கடிகாரம் இருட்டியதும் பினியல் சுரப்பியை முடுக்கி மெலடோனினைச் சுரக்க வைக்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடலெங்கும் அறிவிப்பது இந்த ஹார்மோன்தான்.

கைப்பேசி இரண்டாவது வழியை மறிக்கிறது. விழித்திரையில் சில செல்கள் பார்வைக்காக அல்லாமல் வெளிச்சத்தின் அளவை அறியவே இருக்கின்றன. கைப்பேசித் திரையிலிருந்து வரும் நீல ஒளி அவற்றை மிகுதியாகத் தூண்டும். உடனே மெலடோனின் குறையும். குழந்தைகளுக்குக் கண்பாவை பெரியது, கண்வில்லை தெளிவானது. ஆகவே பெரியவர்களைவிட அதிக ஒளி உள்ளே போகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெறும் 5 முதல் 40 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளியிலேயே மெலடோனின் சராசரியாக 78 சதவீதம் குறைந்தது. அது மங்கலான ஒளிதான். திரையில் ஓடும் கதையின் பரபரப்பு வேறு சேர்ந்துகொள்கிறது.

தேநீர் முதல் வழியில் குறுக்கிடுகிறது. அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் காஃபீன் உட்கார்ந்துகொள்ளும். களைப்பு இருக்கும், மூளைக்குத் தெரியாது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை டம்ளர் என்பது, எடைக்கு எடை பார்த்தால், 60 கிலோ பெரியவர் இரண்டு டம்ளர் குடிப்பதற்குச் சமம். பெரியவர் உடலிலேயே பாதிக் காஃபீன் நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பால் நிறைய ஊற்றினாலும் காஃபீன் போய்விடாது. சுற்றுலா வந்தவர் அன்போடு நீட்டும் ஊட்டிச் சாக்லேட்டிலும் கொஞ்சம் உண்டு.

தேநீரால் வரும் இன்னொரு கேட்டைப் பலரும் கவனிப்பதில்லை. அதிலுள்ள டானின்கள் கீரை, ராகி, பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர் வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர்களுக்கே சொல்கிறது. இரும்புச்சத்து குறைந்த குழந்தைகளில் சிலர் கால் குடைச்சலால் இரவெல்லாம் உதைத்துப் புரள்வார்கள். அப்படி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைச் சோதித்துவிடுவது நல்லது.

அந்த அரை டம்ளரில் பாலோ ராகிக் கஞ்சியோ இருக்கட்டும். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்குள் முடிந்து, கைப்பேசி அதற்குமுன் கைமாறிவிட வேண்டும். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. படுக்கும்போது காலுறை போட்டுவிடுங்கள். பாதம் சூடானால் உடலின் உட்சூடு வெளியேறித் தூக்கம் விரைவில் வரும். காலையில் பனி மூடியிருந்தாலும் குழந்தையை வெளியே விடலாம். மேகத்தினூடே வரும் பகலொளிகூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். அன்றிரவு மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும் என்பதை உயிர்க்கடிகாரம் அந்த ஒளியைக் கொண்டே சரிசெய்துகொள்கிறது.